புதுநன்மைப் பூசையில் வாங்கிய அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?

ரதவீதிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

நான் திருநெல்வேலி டவுன். நெல்லையப்பர் கோயில், செவ்வாய் வெள்ளி விளக்கு, அம்மாவுக்குச் சஷ்டி விரதம் என்று இருக்கிற குடும்பம். என்னோடு வேலை பார்க்கிற தோழி ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கக் கிறிஸ்தவள். அவள் மகளுக்கு நேற்று புதுநன்மை, பூசையில் கொடுக்கிற அப்பத்தை முதல் தடவையாக வாங்குகிற சடங்கு. பிள்ளை நாலாம் வகுப்பு, என்னை அத்தை என்றுதான் கூப்பிடும், கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து என் மடியில் கிடந்த பிள்ளை, அதனால் போகாமல் இருக்க மனசு வரவில்லை. வேதக்கோயில் கல்யாணங்களுக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன், ஆனால் அதெல்லாம் தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய் நின்றுவிட்டு அப்படியே பந்திக்குப் போனது. முழுப் பூசைக்கு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

வீட்டு ஆட்களோடு சேர்த்து என்னையும் முன்னால் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி, பார்க்கவே கண் நிறைந்தது. அவர்கள் வாங்கி முடித்ததும் எங்கள் வரிசை எழுந்தது. எனக்கு இந்தப் பக்கமும் ஆள், அந்தப் பக்கமும் ஆள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் வழியை மறிப்பதுபோல் இருக்குமே என்று நானும் எழுந்து வரிசையில் போய்விட்டேன். கொடுத்தது சாமியார் இல்லை, பக்கத்தில் நின்ற ஒரு சிஸ்டர். முன்னால் போனவர் வலதுகை மேல் இடதுகையை வைத்து நீட்டினார், நானும் அப்படியே நீட்டினேன். அவர்கள் ஏதோ சொன்னார்கள், என் காதில் சரியாக விழவில்லை. கையில் வைத்தார்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அப்பளத்தைவிட மெல்லிசு, நடுவில் சிலுவை பதிந்திருந்தது. மற்றவர்கள் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்கள். எனக்குத்தான் கோயிலில் எது கொடுத்தாலும் அம்மாவுக்கு என்று கையை மூடிக்கொண்டு வருகிற பழக்கம் சின்ன வயசிலிருந்து உண்டே. அப்படியே வந்து உட்கார்ந்து, கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து, திருச்செந்தூர் இலை விபூதிக்குப் பக்கத்தில் பூசை அறையில் வைத்திருக்கிறாள். ராத்திரி தோழியிடம் போனில் பேசும்போது, "அம்மாவுக்கும் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தேன்" என்று சந்தோஷமாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை. அப்புறம் "ஏட்டி, அது பிரசாதம் இல்ல. சரி, நீ கவலப்படாத, நாளைக்குப் பேசுவோம்" என்று வைத்துவிட்டாள். அந்தப் பேசாத கொஞ்ச நேரம்தான் என்னைத் தூங்க விடவில்லை. 12 வருஷப் பழக்கத்தில் அவள் அப்படிப் பேச்சை நிறுத்தியதே இல்லை.

நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு? அந்த அப்பத்தை இப்போது என்ன செய்ய வேண்டும்? அம்மா பயந்துபோய் ஆற்றில் விட்டுவிடலாமா என்று கேட்கிறாள். இனி இப்படி ஒரு பூசைக்குப் போனால் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.


பாளை மறைக்கல்வி எழுதியது:

தங்கச்சி, முதலில் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அவர்கள் மேலும் குற்றம் இல்லை, உங்கள் மேலும் குற்றம் இல்லை. நான் 19 வருஷமாக எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், புதுநன்மைப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், அதனால் இதைப் பொறுப்போடு சொல்கிறேன். நற்கருணையை, நன்மை என்றும் சொல்கிற அந்த அப்பத்தை, அவமதிக்க வேண்டும் என்றே எடுத்துக்கொண்டு போவதை எங்கள் சபை மிகப் பெரிய குற்றமாகச் சொல்லும், அதற்கும் நீங்கள் செய்ததற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நீங்கள் மரியாதையோடு வாங்கி மரியாதையோடு வைத்திருக்கிறீர்கள். தப்பு யார் பக்கம் என்று கேட்டால் எங்கள் பக்கம் என்றுதான் சொல்வேன். புதுநன்மை என்றால் பாதிக் கோயில் விருந்தாளிகள்தான் என்று தெரியும். பூசை தொடங்கும் முன்னால் மைக்கில் அன்பாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கையில் வாங்குகிறவர் அங்கேயே உட்கொள்கிறாரா என்று கொடுக்கிறவர் கவனிக்க வேண்டும் என்று 2004-இல் ரோமிலிருந்து வந்த அறிவுரையிலேயே இருக்கிறது. அந்த சிஸ்டர் கூட்டத்தில் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியது. ஆற்றில் விட வேண்டாம், நீங்களும் உண்ண வேண்டாம், வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். அம்மா வைத்த கிண்ணத்திலேயே இருக்கட்டும், மேலே சுத்தமான ஒரு துணியைப் போட்டு மூடி, அந்தக் கோயிலுக்கே கொண்டுபோய்ச் சாமியாரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அங்கே போகக் கூச்சமாக இருந்தால் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் கொடுக்கலாம். அவர் அதைத் தண்ணீரில் போட்டு வைப்பார். முழுக்கக் கரைந்து அப்பம் என்ற உருவமே இல்லாமல் போனபிறகு அந்தத் தண்ணீரை, யார் காலும் படாத மண்ணில் சேர்ப்பார்கள். அப்பத்தின் உருவம் இருக்கிறவரைதான் அதில் ஆண்டவரின் பிரசன்னம் இருக்கிறது என்பது எங்கள் விசுவாசம், அதனால்தான் கரைகிறவரை காத்திருப்பது. கைக்குட்டையில் துகள் ஏதாவது ஒட்டியிருந்தால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் செடி மூட்டில் ஊற்றிவிடுங்கள், போதும்.

இன்னொன்று. வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்களும் அப்படித்தான் வைக்கிறோம். பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நற்கருணைப் பேழைக்குள், வெள்ளியிலோ பொன் முலாம் பூசியதிலோ ஆன பாத்திரத்தில் வைத்து மூடியிருக்கும், பக்கத்தில் ஒரு விளக்கு ராத்திரி பகலாக எரியும். உங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது தோன்றியிருக்கிறது.

இனி, ஏன் எல்லாருக்கும் கொடுப்பதில்லை என்பது. பிரசாதம் என்றால் சாமிக்குப் படைத்ததை எல்லாரும் பகிர்ந்துகொள்வது. இது அப்படி இல்லை. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துப் புளிக்க வைக்காமல் சுட்ட அப்பம்தான், ஆனால் பூசையில் சாமியார் இயேசு கடைசி இரவு உணவில் சொன்ன வார்த்தைகளைச் சொல்லி உயர்த்திக் காட்டுகிறாரே, எழுந்தேற்றம் என்போம், எல்லாரும் முழங்காலில் இருப்பார்கள், மணி அடிக்கும், அப்போதிலிருந்து அது அப்பம் இல்லை, கிறிஸ்துவே என்று நம்புகிறோம். அடையாளம் என்றுகூட நாங்கள் சொல்வதில்லை. உங்கள் காதில் சரியாக விழாத வார்த்தை "கிறிஸ்துவின் திருவுடல்" என்பது. அதற்கு வாங்குகிறவர் "ஆமென்" என்று சொல்ல வேண்டும். ஆம், நான் அப்படியே நம்புகிறேன், இந்தச் சபையோடு ஒன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். நம்பாத ஒருவர் வாயிலிருந்து அதை வரவழைப்பது அவருக்கும் நியாயம் இல்லை, எங்களுக்கும் நியாயம் இல்லை. இது நேற்று வந்த சட்டமும் இல்லை. ஆதித் திருச்சபையில் வாசகமும் பிரசங்கமும் முடிந்ததும், ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களைக்கூட வெளியே அனுப்பிவிட்டுத்தான் நற்கருணைப் பகுதியைத் தொடங்குவார்கள். இப்போது யாரையும் அனுப்புவதில்லை, கடைசிவரை கூடவே இருக்கலாம்.

நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. எங்கள் ஆட்களிலேயே எல்லாரும் போவதில்லை. பெரிய பாவம் மனசில் இருந்து இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்காதவர், போக மாட்டார். ஒரு மணி நேரத்துக்குள் காப்பி குடித்துவிட்டு வந்தவர் போக மாட்டார், தண்ணீரும் மருந்தும் மட்டும்தான் அதற்கு விலக்கு. புதுநன்மை வாங்காத சின்னப் பிள்ளைகள் போகாது. திருமணம் கோயிலில் முறைப்படாதவர்கள் வருஷக்கணக்காகப் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வரிசை எழும்போது நீங்களும் எழுந்து ஓரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளுங்கள். அடுத்த தடவை சுவரோரம் கடைசி இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் அந்தச் சங்கடமும் இல்லை. எழுந்தேற்றத்தில் முழங்காலில் இருக்க விருப்பம் என்றால் இருக்கலாம், இல்லையென்றால் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்வார்கள், அதில் தாராளமாகக் கைகூப்புங்கள், அது எல்லாருக்கும் உள்ளது.

வெளிநாட்டில் சில இடங்களில் மற்றவர்களும் வரிசையில் போய், மார்பில் இரண்டு கையையும் குறுக்காக வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் மட்டும் வாங்கி வருவார்கள். நம் பக்கத்தில் எல்லாருக்கும் அது பழக்கம் இல்லை, கை நீட்டுகிறார்களோ என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பூசை முடிந்தபிறகு சாமியாரிடம் போய், "சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று தலையைக் குனியுங்கள். இல்லை என்று சொல்ல மாட்டார்.


ஊசிக்கோபுரத்தடி எழுதியது:

டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். நான் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை, என்பதால் வேறு ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன், 1826-இல் கட்டிய ஊசிக்கோபுரம் பேராலயத்தில்தான் எனக்கு ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம். நானும் கிறிஸ்தவன்தான், ஆனால் ஆர்.சி. கோயிலில் நானும் உங்களைப் போல உட்கார்ந்துதான் இருப்பேன்.

என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது ஆர்.சி. வீட்டில். மூன்று வருஷத்துக்கு முன்னால் மைத்துனர் தவறிவிட்டார். அடக்கப் பூசையில் தங்கச்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், பெட்டி நடுவில் இருக்கிறது, நன்மை கொடுக்கிற நேரம் அவள் எழுந்து போகிறாள், மருமகன் போகிறான், நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வலித்தது. வலித்ததை மறைக்க விரும்பவில்லை. அதே இயேசு, அதே வேதம், அந்த இடத்தில் மட்டும் நடுவில் ஒரு கோடு.

ஆனால் அந்தக் கோட்டை நான் தாண்டவும் இல்லை. மைத்துனர் இருந்த காலத்தில் எங்கள் ஆலயத்துக்கு அறுப்பின் பண்டிகைக்கு வருவார். எங்கள் பக்கம் வேறு சபையில் திருவிருந்து எடுக்கிறவர்கள் வந்தால் கொடுப்பதுதான் வழக்கம், அப்பமும் ரசமும் இரண்டும். அவர் எடுக்க மாட்டார். "மச்சான், எங்க சாமியார்மாரு கையில இருந்துதான் நாங்க வாங்கணும், தப்பா நெனைக்காதீங்க" என்று முதல் தடவையே சொல்லிவிட்டார். தப்பாக நினைக்கவும் இல்லை. அவர் சபைச் சொல்லுக்கு அவர் எங்கள் ஆலயத்தில் உட்கார்ந்திருந்தார், அதே சொல்லுக்கு நான் அவர் அடக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 1983-இல் வந்த அவர்கள் சட்டத் தொகுப்பில் 844-ஆம் எண்ணில் இது இருக்கிறது, சாகிற தறுவாய் போன்ற நிலைமையில் மற்ற சபைக் கிறிஸ்தவர்களுக்கும் கொடுக்க அதிலேயே வழி இருக்கிறது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

அதனால் தங்கச்சி, உங்களைத் தள்ளி வைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஞானஸ்நானம் வாங்கிய எனக்கே அங்கே உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை.


தச்சநல்லூர்த் தம்பி எழுதியது:

எல்லாரும் நல்லபடியாகச் சொல்கிறீர்கள், எனக்கு மட்டும் ஏற்கவில்லை. சாமி முன்னால் எல்லாரும் சமம் என்றுதானே சொல்கிறீர்கள்? இயேசு ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது நீ யார், என்ன மதம் என்று கேட்டாரா? இங்கே நம் பக்கத்தில் "உனக்குக் கிடையாது" என்று யார் சொன்னாலும் எனக்கு வேறு ஞாபகம்தான் வரும். எங்கள் தாத்தாவுக்கு டீக்கடையில் தனி டம்ளர். அந்த வலியில் கேட்கிறேன், கோபத்தில் இல்லை.


பாளை மறைக்கல்வி எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். எங்கள் கோயிலுக்குள்ளும் அந்தப் பாவம் இருந்தது. வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயில், தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் வாங்கிய ஊர், 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள், அந்த ஊர்க் கோயிலிலேயே சாதிக்கொரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-இல் அந்தச் சுவரை இடித்தபோது சும்மா விடவில்லை, கோர்ட்டுக்குப் போய் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு நடந்தது. ஒரே பீடத்தில் ஒரே நன்மை வாங்குகிறவர்கள் இடையில் சுவர். அதற்கு எங்கள் சபையில் எந்த நியாயமும் கிடையாது, அது வெட்கம், அந்த வெட்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் இது அந்தச் சுவர் இல்லை. சாதி பிறப்பில் ஒட்டுகிறது, யார் எவ்வளவு விரும்பினாலும் மாறாது என்று சொல்கிறது. நற்கருணை யாருடைய பிறப்பையும் பார்ப்பதில்லை. என் சொந்த மகனே ஒன்பது வயசு வரை வாங்க முடியாது, கத்தோலிக்க வீட்டில் பிறந்துவிட்டான் என்பதால் கொடுத்துவிட மாட்டார்கள். நம்ப வேண்டும், படிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். எந்தத் தெருவில் பிறந்தவராக இருந்தாலும் அப்படி வந்தால் வாங்கலாம்.

ஐயாயிரம் பேருக்குக் கொடுத்ததைக் கேட்டீர்கள். அது பசித்தவர்களுக்குப் போட்ட சாப்பாடு, அதைத்தான் நாங்கள் திருவிழாவில் அசனமாக வைக்கிறோம், அதில் யாரையும் யாரும் கேட்பதில்லை. இது அவர் பிடிபட்ட அன்றைக்கு ராத்திரி, தனியாக ஓர் அறையில், கூடவே மூன்று வருஷம் நடந்த பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து கொடுத்தது. இரண்டையும் அவர்தான் செய்தார்.

உங்கள் தாத்தாவுக்கு நடந்தது அநியாயம். அந்த வலியோடு கேட்டதற்காக நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.


திசையன்விளை அண்ணாச்சி எழுதியது:

நான் இந்து. உவரி அந்தோணியார் கோயிலுக்கு முப்பது வருஷத்துக்கு மேலாகப் போகிறேன். என் மூத்த மகனுக்கு அங்கேதான் மொட்டை எடுத்துக் காது குத்தினோம். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தீர்கள் என்றால் எந்த வீட்டு ஆள் என்று பிரிக்க முடியாது, திருநீறு பூசினவர்கள், குங்குமம் வைத்தவர்கள், பர்தா போட்டவர்கள் எல்லாரும் மணலில் உட்கார்ந்திருப்பார்கள். உவரியில் சுயம்புலிங்க சாமி கோயிலும் இருக்கிறது, நாங்கள் போனால் இரண்டுக்கும் போய்விட்டுத்தான் திரும்புவோம்.

தங்கச்சிக்கு நான் சொல்வது, அந்த ஒன்றைத் தவிர மற்றது எல்லாம் நமக்கும் உண்டு. மெழுகுவத்தி கொளுத்தலாம். உப்பும் மிளகும் நேர்ச்சையாகப் போடலாம். மந்திரித்த தீர்த்தம், எண்ணெய் வாங்கலாம். அந்தோணியார் பேரில் ரொட்டி மந்திரித்துக் கொடுப்பார்கள், அதை எல்லாரும் சாப்பிடலாம். இங்கேதான் நம் ஆட்களுக்குக் குழப்பமே வருகிறது, அந்த ரொட்டியும் இந்த அப்பமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். பூசைக்கு வெளியில் கூடையில் வைத்துக் கொடுத்தால் அது ரொட்டி, தாராளமாக வாங்குங்கள். பூசைக்குள் வரிசையாகப் போய் ஒருவர் ஒருவராக ஏதோ சொல்லி வாங்கினால் அது நன்மை, நாம் உட்கார்ந்துகொள்ள வேண்டும். சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசுவார்களே, பழைய ஆட்கள் விபூதித் திருநாள் என்பார்கள், அதையும் நான் போய்ப் பூசிக்கொள்வேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பெரிய வெள்ளிக்குச் சிலுவை முத்தி செய்யும்போதும் போவேன்.

நம் வீட்டுப் பக்கமும் யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு வேதக்கார அக்காவுக்குப் பொங்கலன்று பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், படைத்ததைக் கொடுத்தால் "வேண்டாம் தம்பி" என்பார்கள். என் வீட்டுக்காரி படைக்கிறதுக்கு முன்னாலேயே அவர்களுக்கு ஒரு தூக்குச் சட்டியில் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். அவர்கள் மனசு அவர்களுக்கு.


பாளை மறைக்கல்வி எழுதியது:

அண்ணாச்சி சொன்னது சட்டப்படியும் சரி. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் ஆசீர்வாதம் கொடுக்கலாம் என்று அதே சட்டத் தொகுப்பில் 1170-ஆம் எண்ணில் இருக்கிறது. மந்திரித்த பொருட்கள் எல்லாம் அந்த வகைதான்.


ரதவீதிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. நேற்று சாயங்காலம் போய்விட்டு வந்தோம், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா தானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தாள். கிண்ணத்தை என் கையில் கொடுக்கவே இல்லை, ஆட்டோவில் மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே வந்தாள். சாமியார் ஆபீஸ் அறையில் இருந்தார், வயசானவர். நான் சொல்லத் தொடங்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து நின்று கிண்ணத்தை வாங்கினார், "நீங்க இவ்வளவு பத்திரமா வெச்சிருந்ததுக்கு நான்தாம்மா நன்றி சொல்லணும்" என்றார். எங்களையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனார். பேழைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடிப் பாத்திரம், அதில் தண்ணீர் ஊற்றி அப்பத்தை மெதுவாக விட்டார். கிண்ணத்தையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் அதே பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியால் துடைத்து அம்மா கையில் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் பேழைக்கு முன்னால் ஒரு முழங்காலை மடித்துத் தரையில் ஊன்றி எழுந்தார். அந்த வயசில் எழுந்திருக்கக் கஷ்டப்பட்டார், பீடத்துப் படியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அம்மா அதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். வெளியில் வந்து மாதா கெபியில் மெழுகுவத்தி கொளுத்தலாமா என்று அவளே கேட்டு, இரண்டு வாங்கிக் கொளுத்தினாள்.

தோழியிடமும் பேசிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி கோபத்தில் பேசாமல் இருக்கவில்லையாம், முன்கூட்டியே சொல்லாமல் உன்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டேனே, இப்போது எப்படிச் சொன்னாலும் மனசு நோகுமே என்று வார்த்தை வராமல் நின்றாளாம். பிள்ளைதான் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போனது, ஜெபம் எல்லாம் மனப்பாடம் சொன்னது, முதல் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் பயந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். "ஒரு நாளுகூட லீவு போடல அத்தை" என்றாள். அவள் ஒரு வருஷம் காத்திருந்து வாங்கியதை நான் தெரியாமல் ஒரு நிமிஷத்தில் கை நீட்டி வாங்கியிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், "பரவால்ல அத்தை, உங்களுக்குத் தெரியாதுல்லா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அண்ணாச்சி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த மாதம் அவர்கள் சொந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அசனத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா அஞ்சு கிலோ அரிசி கொடுக்க வேண்டும் என்று இப்போதே அளந்து எடுத்து வைத்துவிட்டாள். நாம் கொடுத்தால் வாங்குவார்களா? யாரிடம் கொடுப்பது?


திசையன்விளை அண்ணாச்சி எழுதியது:

தாராளமாக வாங்குவார்கள், நாங்கள் வருஷா வருஷம் கொடுக்கிறோம். அசனத்துக்கு முந்தின நாளே போய்க் கோயில்பிள்ளையிடமோ (கோயில் வேலைகளைப் பார்க்கிறவர்) கமிட்டி ஆட்களிடமோ கொடுத்துவிடுங்கள், அன்றைக்குக் காலையில் கொண்டுபோனால் உலை ஏறியிருக்கும். பந்தி மத்தியானத்துக்கு மேல் இழுக்கும், அம்மாவுக்குக் காலையில் ஏதாவது சாப்பிடக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.